உங்களுக்குத் தெரியுமா? டர்ன்டேபிளும் டோன்ஆர்மும்

எல்.பி. ரெக்கார்டு கேட்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்தே தீரும்: இருக்கிற டர்ன்டேபிளை இன்னும் நன்றாகப் பாட வைக்க வேண்டும், ஊசியை ரெக்கார்டின் மேல் ஏந்தும் கையான டோன்ஆர்ம் நல்லதாக ஒன்று மாட்ட வேண்டும். விலைப்பட்டியலைப் புரட்டும் முன் இவற்றைப் படித்துவிடுங்கள்.

★ ஆர்ம் இல்லாமல் வந்த முன்னோடி
பெல்ட்டோ ரப்பர் சக்கரமோ நடுவில் இல்லாமல், மோட்டாரின் அச்சிலேயே தட்டு சுழல்வதுதான் டைரக்ட் டிரைவ். ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் டெக்னிக்ஸ் என்ற பெயரில் 1970-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஸ்பி-10தான் இந்த வகையில் முதலாவது. அதில் டோன்ஆர்ம் கிடையாது. எந்த ஆர்ம் பொருந்தும் என்று வாங்கியவரே பார்த்து மாட்டிக்கொள்ள வேண்டும். டைரக்ட் டிரைவ் பிறந்த நாளிலேயே இந்தக் கேள்வியும் பிறந்துவிட்டது.

★ நிதானமே அதன் பலம்
ரப்பர் சக்கர டர்ன்டேபிள்களில் மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். அந்த அதிர்வு ஊசிக்கு ஏறி, பாட்டுக்கு அடியில் உறுமலாகக் கேட்கும். டைரக்ட் டிரைவ் மோட்டார் சுற்றுவதோ தட்டின் அதே 33⅓ சுற்றுதான். எழும் அதிர்வின் பெரும்பகுதி காதுக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது.

★ மோட்டாரை மாற்றத் தேவையில்லை
1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200, 1979-இல் குவார்ட்ஸ் கட்டுப்பாட்டுடன் எம்கே2 ஆனது. பொத்தானை அழுத்திய 0.7 விநாடியில் சரியான வேகத்தைப் பிடித்துவிடும். 2010-இல் உற்பத்தி நின்ற எஸ்எல்-1200 வரிசை, 2016-இல் திரும்ப வந்தது. இதன் உரிமையாளர்கள் ஆர்ம், ஊசி பொருந்திய கார்ட்ரிட்ஜ், மேட், கால்கள் என்று எதையெதையோ மாற்றுவார்கள். மோட்டாரில் பெரும்பாலும் கைவைப்பதில்லை.

★ புள்ளிகள் சொல்லும் சாட்சி
எம்கே2 தட்டின் விளிம்பில் நான்கு வரிசைப் புள்ளிகள் இருக்கும். சிவப்பு விளக்கின் ஒளியில் பெரிய புள்ளி வரிசை அசையாமல் நின்றால் வேகம் சரி. மெல்ல நகர்ந்தால் முதலில் சரிபார்க்க வேண்டியது வேகத்தை. புது ஆர்ம் வாங்குவது அதற்குப் பிறகு.

★ எடை வேறு, பயனுறு நிறை வேறு
கதவைத் தள்ளும்போது கை உணரும் பாரம் கதவின் மொத்த எடை அல்ல. டோன்ஆர்மும் அப்படித்தான். ஊசி முனை உணரும் பாரத்துக்குப் பயனுறு நிறை என்று பெயர். எம்கே2 ஆர்முக்கு, கார்ட்ரிட்ஜ் சேர்க்காமல், இது 12 கிராம். ஆர்மின் முனையில் கார்ட்ரிட்ஜ் மாட்டும் ஹெட்ஷெல்லில் கூட்டும் ஒவ்வொரு கிராமும் அப்படியே இதில் ஏறும். பின்னால் இருக்கும் எடைக்குண்டு அச்சுக்கு அருகில் இருப்பதால் அவ்வளவு ஏறாது.

★ பொருத்தம் பார்க்க ஒரு கணக்கு
ஊசித் தண்டு எவ்வளவு எளிதில் வளைந்து கொடுக்கிறது என்பதன் அளவு கம்ப்ளையன்ஸ். ஆர்மின் பயனுறு நிறையோடு கார்ட்ரிட்ஜ், திருகுகளின் எடையைக் கூட்டுங்கள். அதைக் கம்ப்ளையன்ஸால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுங்கள். 12 கிராம் ஆர்மில், திருகோடு 7 கிராம் வரும் கார்ட்ரிட்ஜ், கம்ப்ளையன்ஸ் 15 என்றால்: 19 × 15 = 285; வர்க்கமூலம் 16.9, விடை சுமார் 9.4 ஹெர்ட்ஸ். ஆர்மும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து இயல்பாக அதிரும் இந்த அதிர்வெண் 8-க்கும் 12-க்கும் இடையில் இருந்தால் நல்ல பொருத்தம். அதற்குக் கீழே போனால், வளைந்த ரெக்கார்டின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஆர்ம் துள்ளும், ஸ்பீக்கர் கூம்பு கண்ணுக்குத் தெரியவே முன்னும் பின்னும் அசையும். மிகவும் மேலே போனால் பாட்டின் அடிநாதத்தோடு மோதும்.

★ 100 ஹெர்ட்ஸ் பொறி
ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பலர் கம்ப்ளையன்ஸை 100 ஹெர்ட்ஸில் அளந்து போடுவார்கள். மேலே உள்ள கணக்குக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் அளவு. அது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்கும். 1960-களில் வந்து இன்றும் விற்கும் டெனான் டிஎல்-103-இன் அட்டையில் 5 என்று இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து ஒதுக்கிவிட வேண்டாம். சற்றுக் கனமான ஆர்மில் அது அருமையாகப் பாடும்.

★ ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம்
தட்டின் நடுக் கம்பிக்கும் ஆர்மின் அச்சுக்கும் உள்ள தூரம் எம்கே2-இல் 215 மி.மீ.; ரேகா நிறுவன ஆர்ம்களுக்கு 222 மி.மீ. பழைய துளையிலேயே ரேகாவை இறக்க முடியாது, அளந்து துளையிட்ட தனி ஆர்ம் போர்டு வேண்டும். இங்கிலாந்தின் எஸ்எம்இ 3009-இல் அடிப்பகுதியே முன்பின் நகரும் என்பதால், தூரத்தைச் சரிசெய்வது சுலபம்.

★ இரண்டே இடத்தில்தான் நேர்
அச்சில் திரும்பும் ஆர்ம், ரெக்கார்டின் இரண்டு இடங்களில் மட்டுமே பள்ளத்துக்கு மிகச் சரியாக நேராக நிற்கும். 1938-இல் லோஃப்கிரென், 1941-இல் பேர்வால்ட் வகுத்த கணக்குப்படி, அவை நடுவிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தூரத்தில் உள்ளன. டெக்னிக்ஸ் சொல்லும் எளிய வழி, ஹெட்ஷெல்லின் பின் விளிம்பு வாஷரிலிருந்து ஊசி முனை 52 மி.மீ. தள்ளி இருக்கும்படி மாட்டுவது.

★ நீளமான ஆர்ம் எப்போதும் மேலா?
12 அங்குல ஆர்மில் கோணப் பிழை குறையும். ஆனால் நீளம் கூடினால் பயனுறு நிறையும் கூடும். மென்மையான தண்டுள்ள கார்ட்ரிட்ஜுக்கு 9 அங்குல ஆர்மே பெரும்பாலும் நல்ல துணை.

★ செலவுக்கும் வரிசை உண்டு
முதலில் ஊசியின் தேய்மானம், அழுத்தம், 52 மி.மீ. அளவு ஆகியவற்றைச் சரிபாருங்கள். அடுத்தது கார்ட்ரிட்ஜ். கடைசியில்தான் ஆர்ம். கடைக்குப் போகும்போது அச்சுத் தூரம், பயனுறு நிறை, கார்ட்ரிட்ஜின் எடை, 10 ஹெர்ட்ஸ் கம்ப்ளையன்ஸ் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்த நான்கும் பொருந்தாத ஆர்ம் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் வாங்காதீர்கள்.