கூரை போனால் விலை கூடுமா?

உங்கள் கூறைப் புடவை பெட்டியில் தூங்குகிறது. அதை வெட்டிப் பெண்ணுக்குப் பாவாடை தைத்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றுகிறது. கத்திரிக்கோலையும் கையில் எடுத்துவிட்டீர்கள். அந்தக் கணத்தில் கை நடுங்குமா, நடுங்காதா? வெட்டிவிட்டால் வெட்டியதுதானே!

அமெரிக்கப் பணக்காரர்கள் சிலருக்கும் அப்படி ஒரு கணம் வந்தது. அவர்கள் எதிரே இருந்தது புடவையல்ல. பெராரி டேடோனா என்ற இத்தாலிய மோட்டார் கார்.

1968-ல் பாரிஸ் கண்காட்சியில் அரங்கேறிய சுந்தரி அவள். 12 சிலிண்டர் எஞ்சின். மணிக்கு 280 கிலோ மீட்டர் வேகம். கூரை மூடிய ‘கூப்பே’ கார்கள் 1973 வரை 1,200-க்கு மேல் வெளிவந்தன. கூரையை மடக்கித் திறக்கும் ‘ஸ்பைடர்’ ரகமோ சுமார் 120தான். கிடைக்காத பொருளுக்குத்தானே கிராக்கி!

போதாக்குறைக்கு ஒரு பயம் வேறு. கார் கவிழ்ந்தால் கூரை தாங்க வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போடும், திறந்த காருக்கு இனி வாழ்வில்லை என்று அமெரிக்கக் கம்பெனிகள் எண்ணின. 1976-ல் காடிலாக் எல்டொராடோவைக் ‘கடைசித் திறந்த கார்’ என்று சொல்லியே விற்றார்கள். (சட்டம் வரவில்லை. திறந்த கார்கள்தாம் சில வருஷங்களில் திரும்பி வந்தன!)

கூப்பேயின் கூரையை அறுத்து ஸ்பைடராக்கும் பட்டறைகளுக்கு யோகம் அடித்தது. கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஸ்ட்ரேமன் இதில் பெயரெடுத்தார்.

“ரம்பம் இருந்தால் போதாதா?” என்கிறீர்களா? அடுக்களையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து வாருங்கள். முழுப் பெட்டியை முறுக்கிப் பாருங்கள், விறைப்பாக நிற்கும். மேலுறையைக் கழற்றிவிட்டு உள்தட்டை மட்டும் முறுக்குங்கள். நெளிகிறதல்லவா? காரும் அப்படித்தான். டேடோனாவுக்கு அடியில் எஃகுக் குழாய்ச் சட்டம் உண்டு. ஆனால் கூரையும் தன் பங்குக்குத் தாங்கிக்கொண்டிருந்தது. ஆகவே அறுக்கும் முன்பே கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்துப் பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிறகு கதவு மூடாது! கதவுக்கு அடியிலுள்ள விளிம்பையும், முன் கண்ணாடிச் சட்டத்தையும் பலப்படுத்த வேண்டும். பின்பக்கத் தகட்டைப் புதிதாக அடிக்க வேண்டும். துணிக் கூரை மடங்கி உட்கார இடம் பண்ண வேண்டும். அரைகுறை வேலைக்காரர் கையில் சிக்கினாலோ, பள்ளத்தில் கார் கிடுகிடுக்கும். மழை மடியில் ஒழுகும்.

1984-ல் தொடங்கிய ‘மயாமி வைஸ்’ என்ற டெலிவிஷன் தொடரில் ஒரு கறுப்பு டேடோனா ஸ்பைடர் எல்லோரையும் மயக்கியது. அது வெட்டிய பெராரிகூட இல்லை. ஷெவர்லே கார்வெட் போட்ட வேஷம்!

வேஷம் எப்படியிருந்தாலும் சட்டத்தில் பொறித்த எண் பொய் சொல்லாது. எந்தக் கார் ஸ்பைடராகவே பிறந்தது, எது பட்டறையில் மொட்டையடித்துக்கொண்டது என்று அது காட்டிக் கொடுத்துவிடும். பிறவி ஸ்பைடர்கள் இப்போது ஏலத்தில் 20 லட்சம் டாலரையும் தாண்டியிருக்கின்றன. மொட்டைகளின் விலை அதற்கு வெகு கீழே. இதற்குள் வெட்டுப்படாத கூப்பேக்களுக்கும் மவுசு ஏறிவிட்டது. ஆகவே சில கார்களுக்கு இப்போது மறுபடியும் கூரை முளைத்திருக்கிறது. செலவு? அறுத்ததைவிட அதிகம் என்று சொல்லவும் வேண்டுமா!