ஊசிக்கு இங்கே அனுமதி இல்லை!

செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வாங்கோ. சிறுவர் வார்டின் விளையாட்டறைக்குள் எட்டிப் பார்ப்போம்.

முதல் சட்டம் வாசலிலேயே: உள்ளே ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதில்லை, கசப்பு மருந்தும் இல்லை. குத்துவதென்றால் பெரிய டொக்டரும் பிள்ளையை வெளியே கூட்டிப்போய்த்தான் குத்தவேண்டும். ஆஸ்பத்திரி முழுக்கப் பெரியவர்களின் ஆட்சி. இந்த ஒரு அறையில் மட்டும் வாண்டுகளின் ராச்சியம்!

அடடா, என்ன அமர்க்களம்! சேலைன் தாங்கியைத் தேர்போல இழுத்தபடி ஒருவர் பவனி வருவார். இன்னொருவர் படு மும்முரமாகப் பொம்மைக்கு வைத்தியம் பார்ப்பார். சிரிஞ்ச் நிஜம், ஊசிமுனை மட்டும் கிடையாது. பொம்மையின் கையில் பிளாஸ்டர் ஒட்டி, "அழாதை, முடிஞ்சுது" என்று அதட்டலும் நடக்கும். நேற்றுத் தனக்கு நடந்ததை இன்று பொம்மைக்குச் செய்யும்போது பயம் கைமாறிவிடுகிறது. நாளைக்கு ஸ்கான் என்றால், இன்றைக்கே பொம்மை அட்டைப்பெட்டிக் குகைக்குள் போய்வந்துவிடும்.

இதை விளையாட்டாக நினைக்காதவர்களில் ஒருவர் எம்மா பிளாங்க். அமெரிக்காவின் கிளீவ்லாந்து ஆஸ்பத்திரியில் 1955இலேயே நோயாளிக் குழந்தைகளின் விளையாட்டுக்கும் படிப்புக்குமென்று தனித் திட்டம் தொடங்கினார். விளையாட்டு பிள்ளையின் உரிமை என்கிறது ஐ.நா. சிறுவர் உரிமைச் சாசனத்தின் 31ஆம் உறுப்புரை. 1991இல் இலங்கையும் அதை ஏற்றது.

திரைமறைவு வேலை? கழுவல், கழுவல், கழுவல்! இங்கே வரும் பிள்ளைகளில் புற்றுநோய்க்கு மருந்தெடுப்பவர்களும் இருப்பார்கள். அந்த மருந்து, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களைக் குறைத்துவிடும். சின்னக் கிருமியும் பெரிய வில்லன். அதனால் பஞ்சுக்கரடியைப் பகிர்ந்து விளையாட முடியாது. கட்டைகள் துடைத்துத் துடைத்தே நிறம் போகும். அறைக்கு வரமுடியாத பிள்ளையின் கட்டிலுக்கே, கழுவிய சாமான்களோடு தள்ளுவண்டி போகும்.

எங்கள் மன்னார்ப் பிள்ளைக்குப் புற்றுநோயென்றால் மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரி வரையும் ஓடவேண்டி வரலாம்; சுமார் 300 கிலோமீற்றர். அங்கே அறிவித்தல், அதட்டல், ஆறுதல் எல்லாம் பெரும்பாலும் சிங்களத்தில். ஆனால் கட்டை அடுக்கிக் கோபுரம் கட்டவும், அதைத் தள்ளிவிட்டுக் கெக்கலிக்கவும் எந்த மொழி வேண்டும்?

என்னைக் கேட்டால், நாட்டின் எந்த விளையாட்டறைப் பெட்டியிலும் எங்கள் ஊர்ச் சாமான் கொஞ்சம் இருக்கவேண்டும். ஒரு பெருக்கமரம், ஒரு மீன்பிடி வள்ளம், 2015இல் மறுபடி ஓடத் தொடங்கிய தலைமன்னார் ரயில். கழுதை கட்டாயம்! பிளாஸ்டிக்கில் செய்யுங்கோ, கழுவ வசதி.