நாற்பத்தாறு இடங்களும் ஒரே கட்சிக்கு: நெல்லூர் ஜில்லா பரிஷத் முடிவைப் படிப்பது எப்படி?

2021ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் ஆந்திரப் பிரதேசத்தில் ஜில்லா பரிஷத், மண்டல பரிஷத் தேர்தல்களின் வாக்குகள் எண்ணப்பட்டபோது, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சூளூர்பேட்டை அன்று அடங்கியிருந்த நெல்லூர் மாவட்டத்தின் ஜில்லா பரிஷத்தில் இருந்த 46 இடங்களும், ஒன்றுகூட மிச்சமில்லாமல், அப்போதைய ஆளுங்கட்சியான ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்குச் சென்றன. பக்கத்துச் சித்தூரிலும் அதே நிலைதான். மாநிலத்தின் 13 ஜில்லா பரிஷத்துகளும் அக்கட்சியின் கைக்கு வந்தன. இதற்குப் பின் மூன்று ஆண்டுகள்கூட நிறையாத நிலையில், 2024 ஜூனில், பழைய நெல்லூர் மாவட்டத்துக்கு உட்பட்ட 10 சட்டமன்றத் தொகுதிகளையும், சூளூர்பேட்டை உட்பட, எதிர்க்கட்சியாக இருந்த தெலுங்கு தேசம் கைப்பற்றியது. மக்களின் மனம் மாறிவிட்டது என்பது இதற்கு ஒரு விடை. ஆனால் அது முழு விடை அன்று. 2021இன் முடிவுப் பட்டியலில் அச்சான எண்களுக்குப் பின்னால் எத்தனை இடங்களில் உண்மையில் போட்டி நடந்தது, எத்தனை பேர் வாக்களிக்க வந்தனர், வாக்குப்பெட்டி எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தது என்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த 46 என்ற எண்ணின் பொருள் விளங்கும்.

ஜில்லா பரிஷத் என்பது தமிழ்நாட்டில் மாவட்ட ஊராட்சி என்று வழங்கப்படும் அமைப்புக்கு நிகரானது. தாலுகாவைவிடச் சிறிய நிர்வாகப் பிரிவான மண்டலம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பினர் வீதம் அதற்கு நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார்; ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஊரில் அவரை ‘ஜெட்பிடிசி’ என்பர். மண்டலத்துக்குள் அடங்கும் சிறு தொகுதிகளிலிருந்து மண்டல பரிஷத்துக்குச் செல்பவர் ‘எம்பிடிசி’. கிராமத்து வாக்காளர் ஒரே வேளையில் இரண்டு சீட்டுகளில் முத்திரை குத்துகிறார். வெள்ளைச் சீட்டு ஜில்லா பரிஷத்துக்கும் இளஞ்சிவப்புச் சீட்டு மண்டல பரிஷத்துக்கும் உரியவை. சர்பஞ்ச் எனப்படும் ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. இந்த இரண்டு தேர்தல்களிலும் உண்டு. ஆகவே கிராமப்புறத்தில் கட்சிகளின் பலம் வெளிப்படையாகத் தெரியும் உள்ளாட்சித் தேர்தல் இதுவே. சூளூர்பேட்டை நகரத்தில் குடியிருப்பவர்களுக்கு இதில் வாக்கில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். நகராட்சி எல்லைக்குள் இருப்போர் தம் வார்டு உறுப்பினரைத் தனியே தேர்ந்தெடுக்க, எல்லைக்கு வெளியே உள்ள அதே மண்டலத்தின் கிராமத்தாரே ஜில்லா பரிஷத்துக்கு வாக்களிக்கின்றனர்.

இந்த அமைப்புக்கு ஆந்திரத்தில் நீண்ட வரலாறு உண்டு. ராஜஸ்தானின் நாகௌரில் 1959 அக்டோபர் 2ஆம் நாள் பஞ்சாயத்து ராஜ் முறையைத் தொடங்கிவைத்த நேரு, சில நாட்களிலேயே, அக்டோபர் 11ஆம் நாள், ஷாத்நகரில் ஆந்திரத்துக்கும் அதைத் தொடங்கிவைத்தார். என்.டி. ராமராவ் ஆட்சியில் தாலுகாக்களுக்குப் பதிலாகச் சிறு மண்டலங்கள் வகுக்கப்பட்டன. 1987இல் மண்டலத் தலைவர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தனர். அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தபின் இயற்றப்பட்ட 1994ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நேரடித் தேர்வைக் கைவிட்டு, உறுப்பினர்கள் தமக்குள் கைதூக்கித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. தலைவர் பதவியைப் பிடிக்க உறுப்பினர் இடங்களைப் பிடித்தாக வேண்டும் என்ற நிலை வந்ததால், ஒவ்வொரு மண்டலத்து வேட்புமனுவும் மாவட்டத் தலைநகரின் கணக்கில் சேரும் பொருளாகிவிட்டது.

2021இல் எண்ணப்பட்ட தேர்தலுக்கான இந்தக் கணக்கு 2020 மார்ச்சிலேயே தொடங்கியது. மாநிலத்தின் 660 ஜில்லா பரிஷத் இடங்களில் 652க்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. அவற்றுள் 126 இடங்களில் ஒரே ஒரு வேட்பாளர் மட்டுமே களத்தில் எஞ்சியதால் வாக்குப்பதிவே தேவைப்படவில்லை. மண்டல பரிஷத்தில் அறிவிக்கப்பட்ட 9,672 இடங்களில் 2,371 இவ்வாறு முடிந்தன. போட்டியின்றித் தேர்வாவதைத் தெலுங்கில் ‘ஏககிரீவம்’ என்பர். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, சண்டை வேண்டாம் என்று ஒருவரை ஒப்புக்கொள்ளும் பழைய வழக்கத்தை நினைவூட்டும் சொல் அது. ஆனால் இந்த ஒருமனம் மாநிலமெங்கும் ஒரே சீராகத் தென்படவில்லை. அன்றைய முதல்வர் ஜெகன் மோகன் ரெட்டியின் சொந்த மாவட்டமான கடப்பையில் 50 இடங்களில் 38, சித்தூரில் 65இல் 30, நெல்லூரில் 46இல் 12 என்று ராயலசீமையிலும் அதையொட்டிய தெற்குப் பகுதியிலும் அது குவிந்திருக்க, வடகோடியில் உள்ள மாவட்டங்களில் பெயரளவுக்குத்தான் இருந்தது. ஊர்வழக்கமே காரணம் என்றால் இந்த ஏற்றத்தாழ்வுக்கு விளக்கம் கிடைக்காது. வேட்புமனுப் படிவங்கள் பிடுங்கப்பட்டன, மனுவைத் திரும்பப் பெறும்படி மிரட்டப்பட்டோம் என்று எதிர்க்கட்சிகள் புகார் கூறின. ஆளுங்கட்சி அதை மறுத்து, தன் நலத்திட்டங்களுக்குக் கிடைத்த ஆதரவு என்றது. பின்னர் 2021 சனவரியில், சர்பஞ்ச் தேர்தலில் ஒருமனதாக முடிவெடுக்கும் கிராமங்களுக்கு மக்கள்தொகைக்கேற்ப 5 லட்சம் முதல் 20 லட்சம் ரூபாய் வரை ஊக்கத்தொகை என்று அரசே அறிவித்தது. போட்டியைத் தவிர்ப்பதற்குப் பரிசு தருவது, வாக்குச்சீட்டில் தேர்ந்தெடுக்க இரண்டு பெயராவது இருக்க வேண்டும் என்ற எளிய உரிமைக்கு எதிரானது. அதைச் செய்யும் கட்சி எதுவானாலும் அது தவறே.

மனுக்களைத் திரும்பப் பெறும் நாள் முடிந்த மறுநாள், 2020 மார்ச் 15ஆம் நாள், கொரோனா பரவலைக் காரணம் காட்டி மாநிலத் தேர்தல் ஆணையர் நிம்மகட்ட ரமேஷ் குமார் தேர்தலை நிறுத்திவைத்தார். மாநிலத் தேர்தல் ஆணையம் என்பது உள்ளாட்சித் தேர்தல்களை நடத்துவதற்காக அரசியல் சட்டத்தின்படி அமைக்கப்படும் தன்னாட்சி அமைப்பு. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களை நடத்தும் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் கிளையன்று. ஒத்திவைப்பை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. நீதிமன்றம் அதில் தலையிட மறுத்ததோடு, தேர்தல் நடத்தை விதிகளை அப்போதைக்குத் தளர்த்தி, மறுபடியும் தேர்தல் வரும்போது வாக்குப்பதிவுக்கு நான்கு வாரம் முன்னதாக அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவரச் சொன்னது. அடுத்த மாதமே ஆணையரின் பதவிக்காலத்தை ஐந்தாண்டிலிருந்து மூன்றாண்டாகக் குறைக்கும் அவசரச் சட்டத்தால் ரமேஷ் குமார் நீக்கப்பட்டு, சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி வி. கனகராஜ் அப்பதவியில் அமர்த்தப்பட்டார். மே 29ஆம் நாள் ஆந்திர உயர் நீதிமன்றம் அந்த அவசரச் சட்டத்தைச் செல்லாது என்றது. ரமேஷ் குமார் மீண்டும் பதவிக்கு வந்தார். ஆணையருக்கும் அரசுக்கும் இடையே இவ்வளவு வெளிப்படையான மோதல் நடந்த உள்ளாட்சித் தேர்தல் இந்தியாவில் அரிது.

2021 பிப்ரவரியில் சர்பஞ்ச் தேர்தல் நான்கு கட்டமாக நடந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் 80 விழுக்காட்டுக்கு மேல் வாக்களித்தனர். மார்ச்சில் நகராட்சித் தேர்தல். தாடிபத்ரி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும், சூளூர்பேட்டை உட்பட, ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் கைப்பற்றியது. ரமேஷ் குமார் மார்ச் 31ஆம் நாள் ஓய்வு பெற, ஏப்ரல் முதல் நாள் பொறுப்பேற்ற நீலம் சாஹ்னி, ஓராண்டுக்கு முன் நின்ற இடத்திலிருந்தே ஜில்லா பரிஷத் தேர்தலைத் தொடர்ந்து ஏப்ரல் 8ஆம் நாள் வாக்குப்பதிவு என்று அறிவித்தார். பழைய மனுக்களையும் பழைய ‘ஏககிரீவங்களையும்’ அப்படியே ஏற்க முடியாது என்று தெலுங்கு தேசம் தேர்தலைப் புறக்கணிப்பதாக அறிவித்தது. மனுவைத் திரும்பப் பெறும் காலம் எப்போதோ கடந்துவிட்டதால், கட்சி விலகியபின்னும் அதன் வேட்பாளர் பெயரும் சைக்கிள் சின்னமும் வாக்குச்சீட்டில் அப்படியே இருந்தன. நான்கு வார விதி மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடை விதித்தார். வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள் இரு நீதிபதிகள் அமர்வு அதை விலக்கி, பதிவை நடத்தலாம், எண்ணக்கூடாது என்றது. அவ்வாறு நடந்த பதிவில் 60 விழுக்காட்டை ஒட்டியே வாக்குகள் விழுந்தன. இரண்டு மாதங்களுக்கு முன் சர்பஞ்ச் தேர்தலுக்கு வரிசையில் நின்ற அதே கிராமத்தாரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இம்முறை வரவில்லை என்பதே, முடிவுப் பட்டியலைவிட அதிகம் சொல்லும் எண்.

மே மாதம் தேர்தலே செல்லாது என்று ஒரு தீர்ப்பு வந்தது. செப்டம்பர் 16ஆம் நாள் மேல்முறையீட்டு அமர்வு அதை நீக்கி எண்ணிக்கைக்கு வழிவிட்டது. ஐந்து மாதங்களுக்கு மேல் பூட்டிக் கிடந்த பெட்டிகளைத் திறந்தபோது, மாநிலத்தின் சில எண்ணிக்கை மையங்களில் சீட்டுகள் நனைந்தும் கரையான் அரித்தும் கிடந்தன. வாக்குப்பதிவு நடந்த 515 ஜில்லா பரிஷத் இடங்களில் 500க்கு மேல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசுக்கு, தெலுங்கு தேசத்துக்கு ஒற்றை இலக்கம்.

ஆரம்பாக்கத்தில் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்தால் வேறு படம் தென்படும். தமிழ்நாட்டின் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடந்து 2020 சனவரியில் எண்ணப்பட்ட ஊரகத் தேர்தலில், 515 மாவட்ட ஊராட்சி வார்டுகளுள் எதிர்க்கட்சியாக இருந்த திமுக அணி 270 அளவிலும் ஆளும் அதிமுக அணி 240 அளவிலும் வென்றன. ஆனால் அதற்கு முன் மூன்றாண்டுகள் அங்கே தேர்தலே நடக்காமல் தனி அலுவலர்கள்தான் நிர்வகித்தனர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இன்னும் தொலைவில் பார்த்தால், இங்கிலாந்தில் குப்பை அள்ளுவது, வீட்டு வசதி, கட்டட அனுமதி போன்றவற்றைக் கவனிக்கும் மாவட்ட மன்றங்களின் தேர்தல் முடிவுகளில், எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை என்பது அடிக்கடி இடம்பெறும் வரி. லண்டனில் ஆட்சியில் இருக்கும் கட்சியைத் தண்டிக்கும் வாய்ப்பாகவே வாக்காளர் அத்தேர்தலைப் பயன்படுத்துவதும் வழக்கம். 2023 மே மாதம் 230 மன்றங்களுக்கு நடந்த தேர்தலில், ஆளும் கன்சர்வேடிவ் கட்சி ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களை இழந்தது. ஆந்திரத்தில் இதற்கு நேர்மாறாக, மாநிலத்தை ஆளும் கட்சியோடு ஒட்டிக்கொள்வதே சாலைக்கும் குழாய்க்கும் வழி என்று கிராமத்தார் கருதும் நிலை உள்ளது. பணம் மேலிருந்து வரும்வரை இந்தக் கருத்தைப் பிழை என்றும் சொல்ல முடியாது.

எதிரணியில் ஒருவர்கூட இல்லாத அவை எப்படி வேலை செய்யும் என்பதே கவலைக்குரிய கேள்வி. ஜில்லா பரிஷத்துக்கு நிதி, ஊரக வளர்ச்சி, வேளாண்மை, கல்வியும் மருத்துவமும், மகளிர் நலம், சமூக நலம், பணிகள் என ஏழு நிலைக்குழுக்கள் உண்டு; எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் உட்படக் கிராமத்து மாணவர் பயிலும் ஜில்லா பரிஷத் உயர்நிலைப் பள்ளிகள் அதன் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பள்ளிக் கட்டடம் ஏன் பாதியில் நிற்கிறது, புலிக்காட் ஏரிக்கரை ஊர்களுக்குக் குடிநீர்த் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்விகளைத் தலைவரின் கட்சிக்காரரே எழுப்பலாம். ஆனால் கொறடா உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர் தம் தலைவரை மடக்குவது அரிது.

சூளூர்பேட்டைக்கு இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் 13 மாவட்டங்கள் 26 ஆனபோது, சூளூர்பேட்டையும் தடாவும் நாயுடுபேட்டையும் நெல்லூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தன. ஜில்லா பரிஷத்துகள் மட்டும் பழைய 13 என்ற கணக்கிலேயே நீடித்தன. ஆகவே பட்டாவுக்கும் குறைதீர்க் கூட்டத்துக்கும் மக்கள் திருப்பதி ஆட்சியரிடம் செல்ல, அவர்கள் தேர்ந்தெடுத்த ஜெட்பிடிசி நெல்லூர் மன்றத்தில்தான் அமர்ந்தார். இங்கிலாந்திலும் இரண்டடுக்கு மன்றங்களை ஒன்றாக்கும் திட்டத்துக்காக 2025 மே மாதம் ஒன்பது மன்றங்களின் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. எல்லையை மாற்றும்போது வாக்காளரின் பிரதிநிதி பின்தங்கிப் போவது எங்கும் நிகழ்கிறது.

2021இல் போட்டியின்றி முடிந்த கடப்பை மாவட்டப் புலிவெந்துலா இடம், உறுப்பினரின் மறைவால் காலியாகி 2025 ஆகஸ்டில் இடைத்தேர்தலுக்கு வந்தபோது, ஜெகனின் சொந்தத் தொகுதியான அங்கேயே அவர் கட்சி வேட்பாளர் கட்டுத்தொகையை இழந்தார்; தெலுங்கு தேசம் 6,000க்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றது. வாக்குச்சாவடிகள் கைப்பற்றப்பட்டன என்று இம்முறை புகார் கூறியது ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ், மறுத்தது தெலுங்கு தேசம். கட்சிகள் இடம் மாற, புகார் மட்டும் அப்படியே இருக்கிறது. 2021 செப்டம்பரில் கூடிய மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2026 செப்டம்பரோடு முடிகிறது. அடுத்த தேர்தலில் ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை பேர் மனு கொடுத்தனர், எத்தனை பேர் எந்த நாளில் திரும்பப் பெற்றனர், எத்தனை விழுக்காடு வாக்குப் பதிவானது என்ற மூன்றையும் வென்றவர் பெயருக்கு அருகிலேயே மாநிலத் தேர்தல் ஆணையம் அச்சிட்டு, அந்தத் தாளை மண்டல அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.