உடம்பே சாட்சி – 9: குடிக்காமலே ஏறும் போதை

கெடாவில் தாப்பாய் செய்கிற பக்குவம் பலருக்கும் தெரியும். புலுட் அரிசியை வேகவைத்து, நன்றாக ஆறவிட்டு, அதற்கென்றே கடையில் விற்கும் ஈஸ்ட் வில்லையைப் பொடித்துத் தூவி, ரப்பர் இலையில் மடித்து இரண்டு மூன்று நாள் மூடி வைப்பார்கள். தஞ்சோங் டாவாய்க்குக் கருவாடும் பெலாச்சானும் வாங்கப் போகிறவர்கள் இதையும் ஒரு கட்டு வாங்கிக்கொள்வதுண்டு. இலையைப் பிரித்ததும் மூக்கில் ஏறுகிறதே, அது சாராய வாடைதான். யாரும் ஒரு சொட்டு ஊற்றவில்லை. அரிசியின் மாவுச்சத்து சர்க்கரையாகி, அந்தச் சர்க்கரையைத் தின்ற ஈஸ்ட் அதை எத்தனாலாக மாற்றிவிட்டது.

இதே காரியம் மனிதக் குடலுக்குள்ளும் நடக்கும். எல்லார் குடலிலும் துளித்துளியாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. கல்லீரல் அவ்வப்போது தீர்த்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. மிகச் சிலருக்கு மட்டும் ஈஸ்ட் அளவுமீறிப் பெருகி, சாப்பிட்ட சோறே போதையாகிறது. டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஆட்டோ புரூவரி சிண்ட்ரோம்’.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 61 வயதுக்காரர் ஒருவர். தலைசுற்றலோடு மருத்துவமனைக்கு வந்தவரின் ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 370 மில்லிகிராம் எத்தனால் இருந்தது. மலேசியாவில் வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் விடுகிற அளவு 50. அன்று குடிக்கவே இல்லை என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. ரகசியமாகக் குடிக்கிறார் என்றே முடிவு கட்டினார்கள். நர்ஸாக இருந்த மனைவி மட்டும் ஊதிப் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி வந்து அளந்துகொண்டே இருந்தார். கடைசியில் ஒரு டாக்டர் அவரை 24 மணி நேரம் தனி அறையில் வைத்தார். பாட்டில் ஏதும் ஒளித்து வைத்திருக்கிறாரா என்று அவருடைய சாமான்களைச் சோதித்த பிறகு, மாவுப் பண்டங்களாகக் கொடுத்தார்கள். ரத்த எத்தனால் 120-க்கு ஏறியது. மலத்தைச் சோதித்தபோது கிடைத்தது ரொட்டிக்கும் பீருக்கும் போடுகிற அதே ஈஸ்ட். முன்பு கால் அறுவைச் சிகிச்சைக்காகச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் குடலின் நல்ல பாக்டீரியாவை அழித்து ஈஸ்டுக்கு இடம் விட்டிருக்கலாம் என்பது டாக்டர்களின் கணிப்பு. பூஞ்சைக்கான மருந்தும் மாவும் சர்க்கரையும் குறைத்த உணவும் அவரைத் தேற்றின. 2013-ல் மருத்துவ ஏட்டில் வெளிவந்த கதை இது. மனிதருக்கு வீட்டிலேயே பீர் தயாரிக்கும் பொழுதுபோக்கு இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும். சந்தேகப்பட்டவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது!

பெல்ஜியத்தில் விவகாரம் கோர்ட்டுக்கே போனது. 2022-ல் போலிஸ் நிறுத்தி ஊதச் சொன்னபோது, ஒருவரின் மூச்சில் லிட்டருக்கு 0.91 மில்லிகிராம் காட்டியது. ஒரு மாதம் கழித்து 0.71. அங்கே வரம்பு 0.22. நம் நாட்டிலும் 2020 அக்டோபர் 23 முதல் அதே அளவுதான்: 100 மில்லிலிட்டர் மூச்சுக்கு 22 மைக்ரோகிராம். அவர் வேலை பார்த்ததோ பீர் ஆலையில். எந்த நீதிபதி நம்புவார்? மூன்று டாக்டர்கள் தனித்தனியே சோதித்து நோயை உறுதிசெய்த பிறகு, 2024 ஏப்ரலில் புரூஜ் நகர நீதிமன்றம் அவரை விடுவித்தது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சுமை உண்டு. தோட்டத்தில் கள்ளுக்கடை வைத்தது நிர்வாகம். கெட்ட பேர் வந்தது தமிழனுக்கு. 1947-ல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றதைக்கூட மறந்துவிட்டார்கள், அந்தப் பேர் மட்டும் மறையவில்லை. இன்றும் நம் ஆள் ஒருவர் தள்ளாடினால், ‘தண்ணி’ என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்களே அதிகம். அவருக்கு இனிப்பு நீர் இருக்கலாம். சர்க்கரை திடீரென இறங்கினால் நாக்கு குழறும், கால் பின்னும். கட்டுமீறி ஏறினால் சிலருக்கு மூச்சில் பழவாடை அடிக்கும். அது அசிட்டோன், சாராயமல்ல. இரண்டுமே உயிருக்கு ஆபத்து. போன வாரம் இனிப்பு நீரைப் பற்றி எழுதியதன் தொடர்ச்சியாக இதைச் சொல்வது அதனால்தான்.

இன்னொரு கதை, பிட்ஸ்பர்க்கிலிருந்து, 2020-ல் வெளிவந்தது. இனிப்பு நீர் உள்ள 61 வயதுப் பெண்மணிக்குக் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை தேவைப்பட்டது. ஒவ்வொரு முறையும் சிறுநீரில் எத்தனால் தெரிந்ததால் குடிகாரி என்றே எண்ணினார்கள். ரத்தத்தில் எத்தனால் இல்லை. குடித்தால் உடம்பு உண்டாக்கும் எத்தில் குளுக்குரோனைடும் சிறுநீரில் இல்லை. சிறுநீர்ப் பையில் குடியிருந்த ஈஸ்ட், சிறுநீரில் இறங்கிய சர்க்கரையைப் புளிக்க வைத்திருந்தது! சிறுநீருக்கும் நம் சட்டத்தில் ஒரு வரம்பு உண்டு, 100 மில்லிலிட்டருக்கு 67 மில்லிகிராம். ஆகவே இனிப்பு நீர்க்காரர் யாரும் இப்படி மாட்டினால் ரத்தத்தையும் சோதிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.

நாலு டின் பீர் அடித்துவிட்டு ரோட்டில் இந்தக் கட்டுரையை நீட்டாதீர்கள். உலகம் முழுக்கத் தேடினாலும் இந்த நோயாளிகள் சொற்பம். குடித்துவிட்டுப் பொய் சொல்கிறவர்கள் ஏராளம்.

ஆனால் உங்கள் வீட்டில் குடிக்காத ஒருவர் சாப்பாட்டுக்குப் பின் அடிக்கடி தள்ளாடினால், திட்டுவதற்கு முன் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். சர்க்கரை சரியாக இருந்தும் வாடை அடித்தால், டாக்டரிடம் கூட்டிப்போய் ரத்தத்தில் எத்தனால் பார்க்கச் சொல்லுங்கள். குடிக்காமல் ஏறினாலும் போதை போதைதான். காரணம் தெரியும்வரை வண்டிச் சாவியை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)