வேலியோரத்துப் பிளம்

இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் வயலையும் வயலையும் பிரித்து நிற்கும் உயிர்வேலிகளில் பல, 1750க்கும் 1850க்கும் இடைப்பட்ட காலத்தில், ஊர்ப் பொதுநிலங்களைப் பாராளுமன்றச் சட்டங்களின் பலத்தால் நிலச்சுவான்தார்கள் வளைத்துக்கொண்டபோது நடப்பட்டவை. ஏழைக் குடியானவனை மேய்ச்சல் நிலத்திலிருந்து விலக்கி வைப்பதற்காக நட்ட முட்செடிகளே, இலையுதிர் காலந்தோறும் அவன் வீட்டு ஜாடிகளுக்குப் பழம் கொடுத்து வந்தன என்பது சரித்திரத்தின் விநோதங்களில் ஒன்று.

அவ்வேலிகளில் பழுக்கும் காட்டுப் பிளம் ஒரே ஜாதியன்று. அவை தம்முள் நெருங்கிய பந்துக்களாகையால், கூடையில் விழுந்த பழத்தின் நிறத்தை மாத்திரம் கொண்டு இன்னதென்று நிர்ணயிப்பது கஷ்டம். அக்டோபரில் பழம் பறிக்க விரும்புகிறவர் வசந்தத்திலேயே ஒருமுறை வேலியோரமாக நடந்து பூவைப் பார்த்து வைப்பது உத்தமம் என்பது என் அபிப்பிராயம். பிப்ரவரி இறுதியிலேயே, மற்ற எல்லாவற்றுக்கும் முந்தி, வெண்பூவும் பசுந்தளிரும் ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றினால் அது செர்ரி பிளம். அதன் இளங்கிளைகள் பச்சையாக இருக்கும்; ஜூலை, ஆகஸ்டிலேயே சிவப்பாகவோ மஞ்சளாகவோ உருண்டு பழுத்துவிடும்; மரத்தடியில் நின்றபடியே தின்னலாம். மார்ச், ஏப்ரலில், இலை அரும்புவதற்கு முன்பே கரிய முட்கிளைகளை மூடிக்கொண்டு பூப்பது பிளாக்தார்ன். அதன் பழந்தான் ஸ்லோ: சுண்டைக்காயை ஒத்த அளவு, கருநீல நிறம், மேலே தொட்டால் அழியும் சாம்பல் பூச்சு, வாயில் போட்டால் நாவைச் சுருக்கிவிடும் துவர்ப்பு. முள் தைத்த இடம் வீங்கிப் பல நாள் வலிக்கக்கூடுமாதலால் தோல் கையுறை அவசியம்.

புல்லஸும் டாம்ஸனும் ஸ்லோவைவிடப் பெரியவை. உருண்டையாக, அக்டோபர் கடந்தும் கிளையில் தங்கியிருப்பது புல்லஸ். சற்றே நீண்டு, பெரும்பாலும் செப்டம்பரில் பழுப்பது டாம்ஸன். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ரூபங்கள் ஏராளம். சமையலறையில் அந்தப் பேதத்தைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. பெல்லடோனா என்னும் கொடிய விஷச்செடியின் கரும்பழமும் அதே பருவத்தில் வேலியோரத்தில் காணக்கூடியதே. அது முள்ளற்ற, மெல்லிய தண்டுடைய செடி, பழம் பளபளக்கும், அடியில் ஐந்து பச்சை இதழ்கள் விரிந்திருக்கும், பிளந்தால் உள்ளே சிறு விதைகள் பல. பிளம் இனத்தில் கடினமான ஒற்றைக் கொட்டையே உண்டு. ஒற்றைக் கொட்டையைக் கண்டவுடன் பரீட்சை முடிந்ததென்றும் எண்ணலாகாது. தடித்த, பளபளப்பான இலைகளோடு ஆண்டு முழுதும் பசுமையாக நிற்கும் செர்ரி லாரலின் பழத்திலும் ஒற்றைக் கொட்டைதான், அதை உண்ணலாகாது. நல்ல பிளமாயினும் கொட்டையின் பருப்பில் சயனைட் உண்டாக்கும் பொருள் இருப்பதால், அதை உடைக்காமல் நீக்கிவிட வேண்டும்.

பச்சையாக உண்ண லாயக்கற்ற ஸ்லோ, பக்குவத்தில் புகழ் பெற்றது. முதல் உறைபனி விழுந்தபின் பறித்து, முள்ளால் குத்தி, சர்க்கரையுடன் ஜின் மதுவில் மூன்று மாதம் ஊறவைத்தால் மாணிக்க நிறத்து ஸ்லோ ஜின் கிடைக்கும். பனிக்குக் காத்திராமல் ஃப்ரீசரில் ஓரிரவு வைப்பதும் இக்காலத்து வழக்கம். மது வேண்டாதவர்கள் ஆப்பிளோடு சேர்த்து ஜெல்லி காய்ச்சுவார்கள். டாம்ஸன் விழுதைச் சர்க்கரையிட்டுக் கத்தியால் வெட்டும் பதம்வரை கிளறி, அதற்கு டாம்ஸன் சீஸ் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். பாலுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காட்டுச் செடியின் பழத்தைச் சொந்த உபயோகத்துக்குப் பறிப்பது, 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி, திருட்டாகாது. விற்பதற்காகப் பறித்தால் ஆகும். பிறர் நிலத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும் என்பது தனி விஷயம். பிளாக்தார்ன் புதுத்தளிரில் பூக்காமல் முன்னாண்டுக் கிளைகளிலேயே பூப்பதாகையால், வருஷந்தோறும் இயந்திரத்தால் மழிக்கப்படும் வேலியில் பழம் சொற்பம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் வெட்டும் பண்ணைக்காரரின் வேலியைத் தேடிப் போவதே லாபம்.