சத்திரத்துப் புகையும் முகத்துத் தோலும்

மாலை நெரிசலில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுக்காகக் காத்து நின்றவர், ஸ்ரீரங்கத்தில் இறங்கியதும் வெள்ளைக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துப் பார்க்கட்டும். ஒட்டிவரும் கறுப்பில் சாலைப் புழுதியோடு டீசல் கரியும் இருக்கும். அந்தக் கரித்துகளில் பிஏஎச் எனப்படும் நச்சு வேதிப்பொருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நம் தோலின் மேல் எண்ணற்ற நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. ஸ்டெபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்றவை நோய்க்கிருமிகள் பெருகாமல் தடுக்கின்றன. தோலின் லேசான அமிலத்தன்மையும் எண்ணெய்ப் பசையும் இருந்தால்தான் இந்தக் காவல் நுண்ணுயிர்கள் நிலைக்கும். சீனாவின் பாவோடிங், தாலியன் நகரங்களில் 204 பெண்களிடம் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வு, பிஏஎச் பாதிப்புக்கும் தோல் நுண்ணுயிர்களின் மாற்றத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. போக்குவரத்துப் புகையால் நெற்றியிலும் கன்னத்திலும் கரும்புள்ளிகள் கூடுவதை 2010இல் வந்த ஜெர்மானிய ஆய்வு சொல்கிறது.

புகையை விட எனக்குக் கவலை தருவது, அதற்கு நாம் தேடும் வைத்தியம். முகம் கறுக்கிறது என்று நாளுக்கு நாலைந்து முறை சோப்புப் போட்டுத் தேய்க்கிறோம். அழுக்கோடு காவலும் போய்விடுகிறது. அடுத்து, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் ஒரு க்ரீம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் முகம் முதலில் பளிச்சென்றிருக்கும். பிறகு தோல் மெலிந்து, பருவும் எரிச்சலும் வரும். ஸ்டீராய்டு கலந்த 14 வகைப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என மத்திய அரசு 2018இல் உத்தரவிட்டது. பெயர் தெரியாத சிவப்பழகு க்ரீம்களில் பாதரசம் இருக்கலாம். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வீடு திரும்பியதும் மென்மையான ஃபேஸ்வாஷால் ஒரு முறை கழுவி, ஈரப்பதம் காக்கும் க்ரீம் தடவினால் பெரும்பாலோருக்குப் போதும். பருவோ அரிப்போ நீடித்தால் புத்தூர் அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள்.

ஆனால் நிலையத்து வாசலில் நாள் முழுக்கப் பூக்கட்டும் அக்காவுக்கு இந்த யோசனை எதற்கு உதவும்? நிற்கும் பஸ்ஸின் எஞ்சினை அணைப்பதுதான் அவருக்கு வைத்தியம். அதைக் கேட்பது உரிமை. மாசில்லாத காற்றும் நீரும் வாழ்வுரிமையில் அடங்கும் என 1991இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் திருச்சியும் இருக்கிறது. நுண்துகள் பிஎம் 2.5க்கு நம் நாட்டின் ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது வெறும் 5.

பக்கத்து மெயின்கார்டு கேட்டில் அளந்த காற்றின் தரத்தை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். புகை கக்கும் வண்டியின் எண்ணையும் நேரத்தையும் குறித்து, முதல்வரின் உதவி மைய எண் 1100இல் புகார் கொடுங்கள். க்ரீமால் ஏமாந்திருந்தால் ரசீதோடு நுகர்வோர் எண் 1915ஐ அழையுங்கள். புகைப் புகாருக்கு அதிகாரிகள் அசையாவிட்டால் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. ரசீதையும் புகார் எண்ணையும் மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.