சிருஷ்டி என்னும் உறவு

கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சிரியா தேசத்து அரசனான அந்தியோக்கு எப்பிபானேஸ் யூதரின் மதாசாரங்களைத் தடை செய்து, பணிய மறுத்தவர்களைச் சித்திரவதைக்கு உள்ளாக்கிய காலத்தில், ஒரு தாயின் ஏழு புதல்வர்களும் அவள் கண்ணெதிரிலேயே ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்ட வரலாற்றை மக்கபேயர் இரண்டாம் ஆகமம் விவரிக்கிறது. எஞ்சி நின்ற கடைசி மகனிடம் அந்தத் தாய் பேசுகையில், வானையும் பூமியையும் அவற்றிலுள்ள யாவற்றையும் முன்பே இருந்த எந்த மூலப்பொருளின் துணையுமின்றிக் கடவுள் உண்டாக்கினார் என்பதை நினைவூட்டி, இல்லாததை இருக்கச் செய்தவர் இறந்தவனை எழுப்பவும் வல்லவர் என்ற உறுதியை அவன் நெஞ்சில் ஊன்றுகிறாள். 'இன்மையிலிருந்து சிருஷ்டி' என்று கிறிஸ்தவ வேத சாஸ்திரிகள் பின்னாளில் பெயரிட்டு ஆராய்ந்த கோட்பாடு தெளிவான சொல்லுருப் பெற்ற மிகப் பழைய இடங்களுள் இது ஒன்று. உலகம் எப்படித் தோன்றிற்று என்னும் ஆவலைத் தணிப்பதற்காக அன்று அச்சொற்கள் பிறக்கவில்லை. என்னைப் படைத்தவர் என்னைக் கைவிடுவாரா என்று தவிக்கும் உயிருக்கு விடையாகப் பிறந்தன. இதை மனத்தில் இருத்தி நோக்குவோமாயின், சிருஷ்டியைப் பற்றிய கிறிஸ்தவக் கொள்கை, என்றோ நடந்து முடிந்த செய்தியொன்றைக் கூறுவதோடு நில்லாமல், கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையே இக்கணத்திலும் நிலவுகின்ற உறவை எடுத்துரைப்பது என்பது விளங்கும்.

ஆறு நாள் சிருஷ்டியை வருணிக்கும் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம், எருசலேமின் வீழ்ச்சிக்குப் பின் யூதர்கள் பாபிலோனில் சிறைவாசம் செய்த கி.மு. ஆறாம் நூற்றாண்டை ஒட்டியே இன்றைய வடிவத்தைப் பெற்றது என்பது விவிலிய அறிஞர் பலருடைய கருத்து. அந்தப் பாபிலோனியர் போற்றிய 'எனூமா எலிஷ்' என்னும் சிருஷ்டிக் காவியத்தின் களிமண் பலகைகள் நினிவேயின் இடிபாடுகளிலிருந்து கிடைத்து, 1876-ல் ஜார்ஜ் ஸ்மித் என்னும் ஆங்கிலேய அறிஞர் வெளியிட்ட நூலின் வாயிலாகப் பரவலாக அறியப்பட்டன. அக்காவியத்தில் மர்தூக் என்னும் தேவன் தியாமத் என்பவளைப் போரில் கொன்று, அவள் உடலை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியால் வானத்தை அமைக்கிறான். தோல்வியுற்ற கிங்கு என்பவனுடைய இரத்தத்திலிருந்து, தேவர்களின் உழைப்புச் சுமையைத் தாங்குவதற்கென்றே மனித குலம் உண்டாக்கப்படுகிறது. ஆதியாகமத்திலோ போரில்லை, வெல்லப்பட வேண்டிய பகையுமில்லை. கடவுளின் வாக்குப் பிறக்க, ஒளியும் நீரும் நிலமும் பயிர்களும் ஜீவராசிகளும் தத்தம் இடத்தில் அமைகின்றன, யாவும் நல்லவையெனக் காணப்படுகின்றன. பாபிலோனியர் தெய்வங்களாகத் தொழுத சூரிய சந்திரர், நான்காம் நாளில் ஏற்றப்பட்ட இரு விளக்குகளாகவே அங்கே நிற்கின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏழாம் நாளில் கடவுள் ஓய்ந்திருக்கிறார்; அந்த ஓய்வு எஜமானனுக்கு மட்டுமன்றி அவனுடைய அடிமைக்கும், அவன் ஊரில் தங்கிய அந்நியனுக்கும், மாட்டுக்கும் கழுதைக்கும் உரியது என்று யூத நியாயப்பிரமாணம் விதிக்கிறது. நாடிழந்து, கோயிலிழந்து, அந்நிய அரசனின் நிழலில் வாழ்ந்த ஒரு சிறு கூட்டத்தார், மனிதன் தேவர்களின் கூலியாளாகப் பிறந்தவனல்லன் என்று அறிக்கையிட்ட துணிவை எண்ணி வியவாமலிருக்க முடியாது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இந்நம்பிக்கைக்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. நோயும் மூப்பும் கொடுமையும் மலிந்த இவ்வுலகைப் பரிபூரணரான கடவுள் படைத்திருக்க இயலாது, தாழ்ந்த தேவன் ஒருவனே இதைச் செய்திருக்க வேண்டும், உடல் ஆன்மாவுக்குச் சிறையே என்று ஞானவாதிகள் எனப்பட்டோர் போதித்தனர்; யூத வேதம் கூறும் சிருஷ்டிகர்த்தா வேறு, இயேசு வெளிப்படுத்திய பிதா வேறு என்று கூறிய மார்சியன் 144-ல் ரோமாபுரித் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். இவர்களுக்கு விடையிறுத்தவர்களில் தலைசிறந்தவர் ஐரேனியஸ். சின்ன ஆசியாவில் இளமையைக் கழித்து, இன்றைய பிரான்சு நாட்டிலுள்ள லியோன் நகரத்துக்கு மேற்றிராணியாராக விளங்கிய அவர், 177-ல் அந்நகரத்துக் கிறிஸ்தவர்கள் வட்டரங்கில் விலங்குகளின் முன் எறியப்பட்ட கொடுமைக்குப் பின் அப்பதவியை ஏற்றவராதலால், உலகின் தீமையை அறியாதவரல்லர். அறிந்திருந்தும், ஏறக்குறைய 180-ல் இயற்றிய ஐந்து புத்தகங்களில், படைத்தவரும் மீட்பவரும் ஒருவரே, மண்ணும் உடலும் அவருடைய நன்கொடையே, அவர் மீட்க வந்தது ஆன்மாவை மட்டுமன்று முழு மனிதனையுமே என்று அவர் நிலைநாட்டினார். மனிதன் முழு வளர்ச்சியோடு படைக்கப்படவில்லை, குழந்தையைப் போன்ற நிலையில் படைக்கப்பட்டு, கடவுளின் தோழமையில் வளர்ந்து நிறைவெய்த வேண்டியவன் என்பது அவருடைய போதனையின் உயிர்நாடி.

தமிழ் வாசகருக்கு இக்கொள்கையின் தனித்தன்மை, நம்முடைய நாட்டுச் சித்தாந்தங்களோடு ஒப்பிடும்போது நன்கு புலப்படும். பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதி என்றும், மாயையை மூலப்பொருளாகக் கொண்டு இறைவன் உலகைத் தோற்றுவிக்கிறான் என்றும் சைவ சித்தாந்தம் கூறும். பிரம்மமே உள்பொருள், உலகம் அதன்மேல் தோன்றும் தோற்றம் என்று அத்வைதம் கூறும். கிறிஸ்தவமோ, உலகமும் உயிர்களும் கடவுளின் பகுதியுமல்ல, அவரோடு என்றென்றும் உடனிருந்தவையுமல்ல என்றும், அதே வேளையில் அவை பொய்த்தோற்றமும் அல்ல என்றும் கொள்கிறது. கடவுளுக்கு உலகம் அவசியமில்லை. ஆயினும் அது இருக்கட்டும் என்று அவர் விரும்பினார். அவசியமின்றிப் பிறந்ததாதலால் உலகம் முற்றிலும் கொடை. கொடையாதலால், அதைப் பெற்ற மனிதன் செய்யத்தக்க முதற்காரியம் நன்றி செலுத்துதல்.

சிருஷ்டியைக் காலத்தின் தொடக்கத்தோடு மட்டும் இணைத்துப் பார்ப்பது போதாது என்பதைக் கிறிஸ்தவ ஞானிகள் வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தனர். இளமையில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள், ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான நித்தியப் போரைப் போதித்த மானி மதத்தைப் பின்பற்றி, பின்னர் வட ஆப்பிரிக்காவிலுள்ள ஹிப்போ நகரத்து மேற்றிராணியாரான அகுஸ்தீன் (354-430), உலகைப் படைப்பதற்கு முன் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற வினாவுக்கு, காலமும் ஒரு படைப்பே, ஆகையால் அங்கே 'முன்' என்ற பேச்சுக்கே இடமில்லை என்று விடை கண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்வினாஸ் மேலும் ஒருபடி சென்று, உலகுக்குத் தொடக்கம் உண்டென்பதை விசுவாசத்தால் ஏற்கலாமேயன்றித் தர்க்கத்தால் நிரூபிக்க முடியாது என்றும், சிருஷ்டி என்பதன் சாரம் யாவும் தம் இருப்புக்காகக் கடவுளையே சார்ந்து நிற்றல் என்றும் வகுத்தார். தச்சன் கட்டிய வீடு அவன் சென்ற பின்னும் நிற்கிறது, ஆனால் பாடகன் நிறுத்திய பின் பாட்டு நிலைப்பதில்லை. உலகம் கடவுளைச் சார்ந்திருப்பது பாட்டு பாடகனைச் சார்ந்திருப்பதைப் போன்றது. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927-லும், அது ஆதி அணுவொன்றிலிருந்து தோன்றியது என்று 1931-லும் எழுதிய பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானி ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். அவரே தம் கொள்கையை ஆதியாகமத்துக்குச் சான்றாகக் காட்டுவதை விரும்பவில்லை. ஆறு நாட்களை எழுத்தின்படியே ஏற்கும் கிறிஸ்தவர்கள் இன்றும் உண்டு. அவற்றை ஆழ்ந்த பொருளுடைய வருணனையாகக் கொள்வோரும் உண்டு. இருசாராரும் ஒப்புக்கொள்வது, இக்கணம் நாம் இருப்பது கடவுளுடைய சித்தத்தால் என்பதையே.

அவ்வாறு சார்ந்து நிற்கும் படைப்புகளில், கடவுளின் சாயல் என்று அழைக்கப்படுபவன் மனிதன். பண்டைய எகிப்திலும் மெசபொத்தாமியாவிலும் தெய்வத்தின் சாயல் என்ற பெருமை அரசனுக்கு உரியதாயிருக்க, ஆதியாகமம் அதை ஆண் பெண் இருபாலார்க்கும், குலமும் பதவியும் பாராமல், பொதுவாக்கிவிட்டது. இன்றைய துருக்கியைச் சேர்ந்த நிஸ்ஸா நகரத்து மேற்றிராணியாரான கிரெகொரி, நான்காம் நூற்றாண்டில் பிரசங்கி ஆகமத்தைப் பற்றிய தம் சொற்பொழிவொன்றில், அடிமைகளை விலைக்கு வாங்கியோரை நோக்கி, கடவுளின் சாயலுக்கு எத்தனை பொன் விலை பேசினீர்கள், பூமி முழுவதையும் ஆளும்படி படைக்கப்பட்டவனை வாங்க யாரிடம் பொருளிருக்கிறது என்ற கருத்துப்படக் கேட்டு, அடிமை முறையின் வேரையே தாக்கினார். அக்கேள்விக்குப் பின்னும் நூற்றாண்டுக் கணக்கில் கிறிஸ்தவ நாடுகள் மனிதரை விற்றும் வாங்கியும் வந்தன என்பது தாங்கள் ஏற்ற கொள்கைக்கே அவர்கள் இழைத்த துரோகம்.

சாயல் என்னும் இப்பெருமையைக் கொடுங்கோன்மைக்கு அனுமதியாகக் கொண்டதும் உண்டு. பூமியை ஆளும்படி மனிதனுக்குத் தரப்பட்ட கட்டளையே இன்றைய இயற்கைச் சீர்கேட்டுக்கு வித்திட்டது என்னும் வாதத்தை லின் வைட் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 1967-ல் 'சயன்ஸ்' இதழில் முன்வைத்தார். அக்குற்றச்சாட்டு கிறிஸ்தவர்களைத் தங்கள் வேதத்தை மீண்டும் கவனமாக வாசிக்கச் செய்தது. முதல் அதிகாரத்தில் ஆளுகை பேசப்பட்டாலும், இரண்டாம் அதிகாரத்தில் மண்ணிலிருந்து உருவாக்கப்பட்ட மனிதன், ஏதேன் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் அங்கே வைக்கப்படுகிறான். ஆகவே அவன் நிலத்துக்கு உடைமையாளனல்லன், பொறுப்பாளன். லின் வைட்டே இத்தகைய மனப்பான்மைக்கு முன்மாதிரியாகச் சுட்டிய அசிசி நகரத்து பிரான்சிஸை, 1979-ல் போப் இரண்டாம் ஜான் பால் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். அந்த ஞானியின் கீர்த்தனத்திலிருந்து தலைப்பெடுத்து, 2015-ல் போப் பிரான்சிஸ் 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலை வெளியிட்டு, பூமியின் முறையீட்டையும் ஏழைகளின் முறையீட்டையும் ஒருங்கே கேட்கும்படி வேண்டினார்.

இவ்வளவு நன்றாகத் தொடங்கிய உறவு பழுதுபட்டது எவ்வாறு? ஏதேனில் மனிதனுக்கு நேர்ந்த சோதனை, தான் சார்ந்து நிற்கும் படைப்பு என்பதை மறந்து, கொடையாகப் பெறவேண்டியதைக் கைப்பற்றிக்கொள்ளும் ஆசையாகும். விளைவாக, மனிதன் கடவுளின் முகத்துக்கு அஞ்சி ஒளிகிறான். கணவன் மனைவியைக் குற்றஞ்சாட்டுகிறான். நிலம் முள்ளையும் பூண்டையும் முளைப்பிக்கிறது. அடுத்த தலைமுறையிலேயே காயீன் தன் தம்பியைக் கொல்கிறான். இறைவன், துணை, மண், உடன்பிறப்பு என்னும் நான்கு உறவுகளும் ஒருசேர முறிந்த கதை அது. முறிந்ததை மனிதன் தன் முயற்சியால் மட்டும் ஒட்டவைக்க இயலாது, கடவுளின் கிருபையே அதைச் செய்யும் என்று மேற்றிசைத் திருச்சபை அகுஸ்தீனைப் பின்பற்றி வற்புறுத்தியது. கடவுள் மனிதனாக வந்ததன் நோக்கமே மனிதன் கடவுளின் வாழ்வில் பங்குபெறுவதுதான் என்று கீழ்த்திசைத் திருச்சபை அதனாசியுஸ் முதலியோரைப் பின்பற்றிப் போதித்தது. அழுத்தம் வேறுபட்டாலும், உலகைப் படைத்த அதே வார்த்தையானவர் இயேசுவில் மாம்சமானார் என்பதில் இரு திருச்சபைகளும் ஒன்றே. படைத்தவர் தம் படைப்பை வெறுத்திருந்தால் அதன் மண்ணை உடலாக ஏற்றிருக்க மாட்டார்.

ஆதலால் கிறிஸ்தவ நம்பிக்கையின் முடிவும் உலகைவிட்டுத் தப்பியோடுதலில் இல்லை. படைப்பு முழுவதும் பிரசவ வேதனையில் இருப்பதுபோல் விடுதலைக்காகக் காத்திருப்பதாகப் பவுல் எழுதுகிறார்; விவிலியத்தின் கடைசி நூலில், ஆன்மாக்கள் மேலே ஏறிச் செல்வதற்குப் பதிலாகப் புதிய எருசலேம் கீழே இறங்கி வர, கடவுள் மனிதரிடையே வாசம் செய்கிறார். சிருஷ்டியும் மீட்பும் இவ்வாறு ஒரே அன்பின் இரு செயல்களாகின்றன. எனவே ஒருவர் கடவுளைச் சிருஷ்டிகர்த்தா என்று உண்மையில் நம்புகிறாரா என்பதை, ஆறு நாட்களைப் பற்றி அவர் செய்யும் வாதத்தைக் கொண்டு அளவிட முடியாது. தம்மிடம் உழைப்பவருக்கு அவர் அளிக்கும் ஓய்வையும், தாழ்த்தப்பட்டவரின் முகத்தில் அவர் காணும் சாயலையும், தாம் பெற்ற நிலத்தை வரும் தலைமுறைக்கு அவர் விட்டுச்செல்லும் முறையையும் கொண்டே அளவிட வேண்டும்.